மருமகள் சுவர்

"மனுவை வாபஸ் வாங்கிருவோமா?" என்றார் ஆவுடையப்பன்.

பகவதி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எந்த மனுவை?"

"வீட்டு மனுவைத்தான். ரயில்பாதைத் தூணு வந்தா வந்துட்டுப் போவுது. ரெண்டு பேருக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய வீடு? கவர்மெண்டு தார ஃப்ளாட்டுல லிஃப்ட் இருக்கு. தண்ணி எந்நேரமும் வருது."

கத்தி நின்றது.

"நேத்து வரைக்கும் 'என் பொணம் இந்த வாசல் வழியாத்தான் போவும்'னு சொன்னீயளே?"

"சொன்னேன்."

"அதுக்குள்ள லிஃப்ட்டு மேல என்ன ஆசை?"

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சொல்ல முடியாத ஒன்று நெஞ்சில் இருந்தால் கண்ணாடியைத் துடைப்பார். பகவதிக்கு அது தெரியும்.

"எனக்குப் புரியாமலா இருக்கு?" என்றாள். "உங்க அம்மா பேசுன பேச்செல்லாம் ஊருக்குக் கேட்டுருமேன்னு பயப்படுதீய. கேக்கட்டும். நான் அனுபவிச்சதை நாலு பேரு கேக்கட்டும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து போனார். பகவதி மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். இந்தச் சண்டையில் அவள் ஜெயித்துவிட்டாள் என்றுதான் நினைத்தாள்.

*

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து சரக்கு ரயிலுக்கு மேல்பாதை போடுகிறார்கள். திருநெல்வேலிக்குள் அது நுழைகிற இடத்தில் மேட்டு வாசல் தெரு. தூண் விழுகிற இடத்தில் ஆவுடையப்பனின் வீடு. தேக்குத் தூண்களும் நடுமுற்றமும் கொண்ட, நூற்றாண்டைத் தாண்டிய வீடு. அழகாக இருக்கிறது என்பதற்காக அரசாங்கம் எதையும் விட்டுவைப்பதில்லை. சரித்திர முக்கியத்துவத்தை நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் தொல்கட்டடக் காப்பு வாரியம் வீட்டை ஏற்றுக்கொள்ளும். தூண் நகர்ந்து போகும். குடும்பம் அங்கேயே வாழலாம்.

சரித்திரம் இருந்தது. ஆவுடையப்பனின் கொள்ளுத் தாத்தா காலத்தில், ஒரு பொங்கலன்று, பானை பொங்குகிற ஆரவாரத்தை மறைப்பாக வைத்துக்கொண்டு சுதேசிக்காரர்கள் இந்தக் கூடத்தில் ரகசியமாகக் கூடினார்கள் என்பது குடும்பத்தில் வழிவழியாக வரும் பேச்சு. சிக்கல் நிரூபிப்பதில்தான். பத்திரம், புகைப்படம், வீடியோ எதையும் நீதிமன்றங்கள் நம்புவதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. எதை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் செய்துவிடுகிற காலம்.

செய்ய முடியாத ஒரே பொருள் பழைய சுண்ணாம்பு.

வாரியத்து அலுவலர் ஷமீமா முதல் தடவை வந்தபோது, காபியை ஆற்றிக்கொண்டே அதை விளக்கினார். முப்பதுகளில் இருந்த பெண். பேச்சில் அரசாங்கத் தோரணை இல்லை.

"சுண்ணாம்பு ஈரமா சுவத்துல ஏறுது இல்லையா? காத்துல இருக்கற கரியமில வாயுவை இழுத்து இழுத்துத்தான் அது மறுபடி கல்லாகுது. அப்படிக் கல்லாகற சில நாள், ரூம்ல என்ன சத்தம் கேட்டாலும் அந்த அதிர்வோட சேர்ந்தே இறுகிடும். அப்புறம் அது செவிடு. அடுத்த பூச்சு பூசற வரைக்கும் ஒண்ணும் ஏறாது."

"நாங்க பொங்கலுக்குப் பொங்கல்தான் வெள்ளை அடிப்போம்" என்றாள் பகவதி.

"அதான்மா விசேஷம். உங்க சுவர்ல பொங்கல் மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு வருஷப் பொங்கலும். போகி, பெரும்பொங்கல், மாட்டுப்பொங்கல், சீர் கொண்டு வந்தவங்க, சண்டை போட்டவங்க, எல்லாரும்."

"பெயிண்ட் அடிச்ச வீட்டுல?"

"ஊமை. பெயிண்ட்ல எதுவும் ஏறாது. காசு வந்ததும் பளபளன்னு பெயிண்ட் அடிச்சவங்க வீடெல்லாம் இப்ப இடிச்சாச்சு. உங்க மாமனார் சுண்ணாம்பை விடாதது உங்க அதிர்ஷ்டம்."

நிபந்தனைகளும் இருந்தன. சுவரைப் படிக்கும் கருவி மேல் பூச்சிலிருந்துதான் தொடங்கும். படிக்கப் படிக்க அந்தப் பூச்சு தூளாக உதிர்ந்துவிடும். ஊரில் அதை 'உரிப்பான்' என்றார்கள். நடுவில் எதையும் தாண்டிப் போக முடியாது. கொள்ளுத் தாத்தாவின் பொங்கலுக்குப் போக வேண்டுமென்றால் தன்னுடைய பொங்கல்களையெல்லாம் கடந்துதான் போக வேண்டும். கேட்பது பொது விசாரணை. தெருக்காரர்கள் வந்து உட்காரலாம். பதிவான குரல் அரசாங்கச் சொத்து. ஆள் நினைவில் இருக்கிற காலம் வரைக்கும், ஒவ்வொரு பூச்சிலும் பேசியது யார் என்று, வீட்டில் பங்கு இல்லாத வெளி ஆள் ஒருவர் காதால் கேட்டுச் சத்தியம் செய்ய வேண்டும்.

"மெஷினே குரலைக் கண்டுபிடிச்சிருமே?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"கண்டுபிடிக்கும் சார். மெஷினே குரலைச் செய்யவும் செய்யுது. அதனால கோர்ட் அதைக் கேக்கறதில்ல. மனுஷன்தான் சொல்லணும். ஒரு பூச்சுக்குச் சாட்சி இல்லேன்னாலும், சாட்சி சொன்னதை மனு போட்டவங்க மறுத்தாலும், சங்கிலி அறுந்துரும். மனு தள்ளுபடி. வீடு போயிடும்."

இவ்வளவு பழைய பொங்கல்களுக்கு இந்த வீட்டுக்கு வந்து போனவர், உயிரோடு இருப்பவர், பங்கு இல்லாதவர் யார்? யோசிக்க நேரமே பிடிக்கவில்லை. ஒரே ஒருவர்தான். பகவதியின் அண்ணன் குற்றாலிங்கம்.

*

குற்றாலிங்கம் முக்கூடல் பக்கம் மாவு மில் வைத்திருந்தவர். தாய் தகப்பன் இல்லாத தங்கையை வளர்த்து, தன் சக்திக்கு மேலே எட்டி, இந்தப் பெரிய வீட்டில் கட்டிக்கொடுத்தார். கல்யாணமான முதல் வருடம் பொங்கப்படி, அதாவது பிறந்த வீட்டுப் பொங்கல் சீர், கொண்டு வந்தார். இரண்டாம் வருடமும் வந்தார். மூன்றாம் வருடத்துக்குப் பிறகு வரவில்லை. தபாலில் கொஞ்சம் பணம் வரும். கல்யாணம், சாவு என்றால் வந்து, ஓரமாக நின்று, சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டுப் போவார்.

ஏன் வரவில்லை என்பதற்குப் பகவதியிடம் ஒரு கதை இருந்தது. தெருவே அறிந்த கதை. மாமியார் ஆவுடையம்மாள் அண்ணனின் சீரைப் பார்த்து நக்கலடித்தாள். அண்ணனைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தாள். அது எப்படியோ அண்ணன் காதுக்குப் போய்விட்டது. மானஸ்தன், காலை எடுத்து வைக்கவில்லை. இதைத் தண்ணீர் லாரி வரிசையில் சொல்லியிருக்கிறாள், கோயில் பிரகாரத்தில் சொல்லியிருக்கிறாள், மகளுக்குச் சொல்லியிருக்கிறாள். மாமியார் படுக்கையில் கிடந்தபோது பீ மூத்திரம் அள்ளினாள். அள்ளிக்கொண்டே, வந்து பார்த்தவர்களிடமும் சொன்னாள். ஆவுடையம்மாள் மறுத்ததில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். குற்றமுள்ள நெஞ்சு என்று பகவதி நினைத்துக்கொண்டாள்.

அண்ணனைப் பார்க்க முக்கூடலுக்கு நேரிலேயே போனாள்.

"சுவரா?" என்றார் குற்றாலிங்கம். மில்லை விற்றாகிவிட்டது, இமையில் மட்டும் இன்னும் மாவு படிந்த மாதிரி நரை. "எந்த வருசத்துச் சுவரு?"

"எல்லா வருசமும்ணே. மேல இருந்து ஒவ்வொண்ணா."

"நான் வந்த வருசமும் வருமோ?"

"வரும். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிடுதேன். அந்த மனுசி உன்னை என்ன பேச்சுப் பேசுனாவன்னு நீயே காதால கேளு."

அவர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "கேக்கணுமாளா?"

"கேக்கணும்."

"மாப்பிள்ளை என்ன சொல்லுதாவ?"

"அவிய வேண்டாங்காவ. அம்மா பேரு கெட்டுருமாம்."

குற்றாலிங்கம் தங்கையை ஒரு நிமிடம் பார்த்தார். "மாப்பிள்ளை நல்ல மனுசன்" என்றார். பிறகு, "சரி, நான் வந்தாத்தான் வீடு நிக்கும்னா, வாரேன்" என்றார்.

*

விசாரணை நாளில் கூடம் நிரம்பிவிட்டது. தெருப் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தாங்களே கொண்டு வந்திருந்தார்கள். ஷமீமா சுவரோரம் செய்தித்தாளை விரித்து, தையல் மெஷின் பெட்டி அளவுள்ள உரிப்பானைச் சுவரோடு பொருத்தினார். குற்றாலிங்கம் எழுந்து நின்று சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தார்.

முதல் பூச்சுகள் வேடிக்கையாகவே போயின. வெள்ளைத் தூள் மெல்ல உதிர, பெட்டியிலிருந்து ஆவுடையப்பனின் குரல் வந்தது: "அவ குளிக்கப் போயிட்டா. அந்த அல்வாப் பொட்டலத்தை இங்கிட்டுத் தள்ளு."

கூடம் சிரித்தது. "சுகர் எப்பிடி எறங்கும்?" என்று பகவதி பல்லைக் கடித்தாள்.

அடுத்ததில் மகள் ராட்டர்டாமிலிருந்து வீடியோவில் அழுதாள். அதற்கு முந்தையதில் பகவதியின் குரல் கணீரென்று கேட்டது: "உலகம்மா வச்ச கொழம்பா? நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிரும்."

மூன்றாவது நாற்காலியில் இருந்த உலகம்மாள் மெதுவாகத் திரும்பினாள். "அப்பிடியா பகவதி? அன்னைக்கு ரெண்டு தடவ ஊத்திச் சாப்பிட்டியே?"

"அது சும்மா விளையாட்டுக்கு மதினி."

"இருக்கட்டும். சுவரு விளையாடாதுல்லா."

பகவதிக்கு முகம் சூடேறியது. ஆனாலும் தாங்கிக்கொண்டாள். வரப்போகிற ஒன்றுக்காக இதையெல்லாம் தாங்கலாம். ஒவ்வொரு பூச்சு முடிந்ததும் குற்றாலிங்கம், "இது மாப்பிள்ளை… இது என் தங்கச்சி… இது மாப்பிள்ளையோட அப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஷமீமா பதிந்துகொண்டே வந்தார். தூள் செய்தித்தாளில் சிறு மேடாகக் குவிந்தது. வருடங்கள் பின்னோக்கிப் போயின. செத்தவர்கள் இருமினார்கள், கடவுளைக் கூப்பிட்டார்கள், காபி கேட்டார்கள்.

ஆவுடையப்பன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் பூச்சு வந்தது. குலவைச் சத்தம். "பொங்கலோ பொங்கல்!" மொபெட் ஒன்று வாசலில் வந்து நிற்கிற சத்தம். கரும்புக் கட்டு சரசரவென்று தரையில் இறங்குகிறது. குற்றாலிங்கத்தின் இளவயதுக் குரல்.

"கொஞ்சம் சின்னதுதான் அத்தே. கரும்பு இந்த வருசம் சரியில்ல. கெழங்கும் பொடுசு. குறையா நெனைச்சிராதீய. அடுத்த வருசம் பெரிசாச் செஞ்சிருதேன்."

"அதனால என்னண்ணே, உக்காரு" என்று பகவதியின் குரல். இருபதுகளின் குரல். "சாப்பிட்டுட்டுப் போலாம்."

"இல்லளா, மில்லைத் திறக்கணும்."

மொபெட் கிளம்பிப் போனது. பகவதி முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டாள். இதோ, இப்போது. அந்த மனுசியின் குரல். எத்தனை வருடமாக யாரும் முழுதாக நம்பாத அந்தக் குரல்.

பெட்டியிலிருந்து ஒரு பெண் குரல், ஆண் குரலைப் போல இழுத்து, பணிவாகக் குழைந்து, பேசிக் காட்டியது.

"கொஞ்சம் சின்னதுதான் அத்தே… கரும்பு சின்னது, கெழங்கு சின்னது, பானை சின்னது… நானே சின்னவன்தான் அத்தே… அடுத்த வருசம் என்னையவே வித்து ஒரு பெரிய பானை வாங்கியாந்திருதேன்!"

சிரிப்பு. ஆண்களும் பெண்களுமாக ஒரு குடும்பமே சிரிக்கிற சிரிப்பு.

முதலில் பகவதியின் நாக்குக்குத்தான் தெரிந்தது. 'வித்து' என்ற இடத்தில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுக்கிற அந்த வித்தை. பள்ளிக்கூடத்தில் டீச்சர்களைப் போலப் பேசிக் காட்டிக் கைதட்டு வாங்கிய அதே வித்தை. பிறகுதான் காதுக்குத் தெரிந்தது. பிறகு அந்தக் கூடமே ஞாபகம் வந்தது: கல்யாணமாகி மூன்று வருடமாகியும் தன்னைச் சாப்பிடக் கூப்பிட மறந்துபோகிற ஒரு வீடு, முதல் தடவையாக எல்லாரும் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தது, அந்தச் சிரிப்பு எவ்வளவு இதமாக இருந்தது என்பது.

பெட்டியில் இன்னொரு பெண் குரல் எழுந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

"சிரிக்காதீய எல்லாரும். வெயில்ல அம்புட்டுத் தூரம் சொமந்துட்டு வந்த மனுசன். காதுல விழுந்தா உசுரு போயிரும். அந்தக் கெழங்கை எடுத்து அடுப்புல வைங்க. எனக்கு அதுதான் வேணும்."

அதோடு அந்தப் பூச்சு தீர்ந்தது. கடைசித் தூள் உதிர்ந்தது.

"சாட்சி சொல்லுங்க ஐயா" என்றார் ஷமீமா. "கேலி பண்ணிப் பேசற குரல் யாருது?"

குற்றாலிங்கம் தொண்டையைச் செருமினார். பகவதியைப் பார்க்கவில்லை.

"அது தங்கச்சியோட மாமியா. ஆவுடையம்மா."

"கண்டிச்சுப் பேசற குரல்?"

"அது என் தங்கச்சி. பகவதி."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து பரவியது. உலகம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து பகவதியின் தோளில் கையை வைத்தாள். "அடேயப்பா. சின்ன வயசுலயே எம்புட்டுத் தைரியம்! நீ சொன்னப்பல்லாம் நாங்கதான் முழுசா நம்பல."

ஷமீமா நம்பவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. முந்தின பூச்சுகளில் ஆவுடையம்மாளின் குரலை நிறையக் கேட்டவர் அவர். "பேசிக் காட்டற குரல்ல வயசு சரியா தெரியாதுதான். மத்தக் குரலும் சிரிப்புல அமுங்கிக் கிடக்கு" என்றார் மெதுவாக. "பதிவுல இருந்து இன்னொரு தடவ போடறேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"வேண்டாம்மா" என்றார் குற்றாலிங்கம்.

"விதிப்படி போடணும் ஐயா."

இரண்டாம் தடவை இன்னும் மோசமாக இருந்தது. முதல் தடவை அதிர்ச்சி பாதியை மறைத்துவிட்டது. இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுந்தது. அண்ணன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு, ஆசுபத்திரியில் ஊசிக்கு உட்கார்ந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல சொன்னதுதான்" என்றார்.

ஷமீமா அதை அப்படியே பதிந்துகொண்டார். "மனு போட்டவங்களைக் கேக்கணும். சாட்சி சொன்னதுக்கு மறுப்பு உண்டா? சார்?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். தன் அம்மாவின் பெயர் அரசாங்கப் பதிவில் ஏறப்போகிறது. அவர் மனைவியைப் பார்த்தார். "அவ சொல்லட்டும்" என்றார்.

"அம்மா? உங்களுக்கு மறுப்பு உண்டா?"

உண்டு என்று ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொன்னால் சங்கிலி அறுந்துவிடும். தேக்குத் தூண்கள், முற்றம், சுதேசிக்காரர்களின் பொங்கல் எல்லாம் புல்டோசருக்கு. அண்ணன் பொய்ச் சாட்சி. இதெல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் அந்த நிமிடத்தில் பகவதி நினைத்தது இவை எதையும் இல்லை. தோளில் இருந்த உலகம்மாளின் கையைத்தான் நினைத்தாள். அந்தக் கை எடுபட்டுப் போகும் என்பதைத்தான் நினைத்தாள்.

"இல்ல" என்றாள்.

"எனக்கும் இல்ல" என்றார் ஆவுடையப்பன்.

*

சாப்பாட்டு இடைவேளையில் பின்வாசல் குழாயடியில் அண்ணன் முகம் கழுவிக்கொண்டிருந்தார். பகவதி பக்கத்தில் போய் நின்றாள். அழுகை வரவில்லை. அழுதால் அவர் ஆறுதல் சொல்லிவிடுவார்.

"ஏண்ணே மாத்திச் சொன்ன?"

"வீடு நிக்கணும்லா."

"என் பேரைச் சொல்லிருந்தாலும் நின்னிருக்கும்."

குற்றாலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அன்னைக்கு அந்த மொபெட்டு தெருமுனையிலயே நின்னுட்டு. ஸ்க்ரூ டிரைவர் கேக்கத் திரும்பி வந்தேன். வாசல்லயே கேட்டுட்டேன்."

பகவதி ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மூடினாள்.

"அன்னைக்கு அது எனக்கு மட்டுந்தான கேட்டுது. இப்ப ஊருக்கே கேக்கும். ஊருக்கு எதுக்குளா?" என்றார். பிறகு வழக்கமான தன் பாதிச் சிரிப்போடு, "நல்லாத்தான் பேசிக் காட்டிருக்க. என்னைய மாதிரி நானே அப்பிடிப் பேச மாட்டேன்" என்றார்.

"திட்டிருண்ணே."

"திட்டணும்னா அன்னைக்கே திட்டிருப்பேன். உன்னை வேண்டாம்னு ஒண்ணும் இருந்துரல. மறுபடி வந்தாலும் சீரு சின்னதாத்தான இருக்கும்னு வரல." துண்டை மடித்துத் தோளில் போட்டார். "வா. அந்தப் பிள்ளை காத்துக்கிட்டு இருக்கும். இன்னும் ரெண்டு பூச்சு என் கணக்குல இருக்கு."

சாட்சியை முடித்துக்கொடுத்துவிட்டு, சாப்பிடச் சொல்லியும் சாப்பிடாமல், பஸ் ஏறிப் போய்விட்டார்.

தெரு கலைந்ததும் பகவதி கணவரிடம் கேட்டாள். "உங்களுக்கு முன்னாலயே தெரியும்லா?"

"நானும் சிரிச்சேம்லா. சிரிச்சவனுக்கு மறக்குமா?"

"எனக்கு மறந்துட்டே."

"தெரியும். அதான் மனுவை வாபஸ் வாங்குவோம்னேன்."

"இத்தனை வருசம் உங்க அம்மாவை நான் பேசுனப்ப ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?"

அவர் செய்தித்தாளில் குவிந்திருந்த தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தடவ சொல்லப் போனேன். அம்மாதான் தடுத்தா. 'அவ அண்ணனை விட்டுக்குடுத்துட்டமேன்னு அவளுக்குத் தெரிஞ்சா எங்க போயி நிப்பா, பேசுனது நான்னே இருந்துட்டுப் போவட்டும்'னா."

பகவதி உட்கார்ந்தாள். படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்ட அந்த முகத்துக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது.

*

கொள்ளுத் தாத்தாவின் பொங்கல் கிடைத்தது. குலவைக்கும் மணியோசைக்கும் நடுவே தணிந்த ஆண் குரல்கள். சீமைத் துணி ஏற்றி வரும் கப்பல் ஒன்றைப் பற்றிய பேச்சு. யாரோ ஒருவர் தழுதழுத்துச் செய்த சத்தியம். வாரியம் வீட்டை முதல் தரத்தில் சேர்த்தது. தூண் பக்கத்துத் தெருவுக்கு நகர்ந்தது. வாசலில் வெண்கலப் பலகை வைத்தார்கள். கூடத்தில் பொத்தான்கள் வைத்தார்கள். அழுத்தினால் அந்தந்த வருடம் பேசும்.

சுதேசிக்காரர்களின் பொத்தானை வாரியத் தலைவர் ஒரு தடவை அழுத்தினார். அதன் பிறகு அதை அழுத்துகிறவர்கள் குறைவு. எல்லாரும் கேட்பது இன்னொரு பொத்தானைத்தான். வேற்று வீட்டில் வாழப் போன பெண், அத்தனை பேருக்கு முன்னால் கூடப் பிறந்தவனுக்காகப் பேசிய அந்தப் பொங்கலை. அதற்கு யாரோ 'மருமகள் சுவர்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே வாரியத்தின் கையேட்டிலும் ஏறியது. பக்கத்தில் பகவதியின் படம். கீழே, கேலி செய்பவர்: மாமியார் ஆவுடையம்மாள்.

பார்வையாளர் நேரத்தில் ஆவுடையப்பன் கூடத்துக்கு வருவதில்லை. கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துகொள்வார். ஒரு நாள் பகவதி தாங்க முடியாமல், "உங்க அம்மா இருந்தா என்னைக் காறித் துப்பிருப்பாவ" என்றாள்.

"இல்ல" என்றார் அவர். "வீடு நின்னுதே, அது போதும்னுருப்பா." அவர் அதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் குத்தியது.

ஷமீமா ஆய்வுக்கு வந்தபோது பகவதி அவரைத் தனியே அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஷமீமா ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்மா."

"மாத்திருங்கம்மா. கீழ எழுதிருக்கதை மட்டுமாவது."

"எதை வச்சு மாத்தறது? பூச்சு உதிர்ந்துபோச்சு. வெறும் பதிவைக் கோர்ட் ஏத்துக்காது. இனிமே சாட்சி சொன்னதுதான் நடந்தது. அதை மாத்தணும்னா உங்கண்ணன் மேல பொய்ச் சாட்சி கேஸ் ஓடும். இந்த வயசுல அவரைக் கோர்ட்டுக்கு இழுக்கவா?" ஷமீமா அவள் கையைப் பிடித்தார். "நாங்க கட்டடத்தைத்தான்மா காப்பாத்தறோம். வேற எதையும் எங்களால முடியறதில்ல."

தைப் பிறப்புக்குப் பிறகு கூட்டம் அதிகமாக வந்தது. புதுப்பெண்களைக் கூட்டிக்கொண்டு வருவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரு நாள் அப்படி வந்த ஒருத்தி, பட்டுச் சேலையும் தாலிக்கயிற்றின் மஞ்சளும் மங்காதவள், பொத்தானை அழுத்திக் கேட்டாள். கூட வந்த கணவனும் அவன் அம்மாவும் முற்றத்துத் தூண்களைப் பார்க்கப் போனார்கள். அவள் மட்டும் பகவதியிடம் வந்தாள்.

"எங்கண்ணன் நேத்துத்தான் சீர் கொண்டு வந்தான் ஆன்ட்டி. அவன் போனதும் எங்க வீட்டுலயும் இதே மாதிரிதான் சிரிச்சாங்க." அவள் தூண்கள் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "நானும் கூடச் சேர்ந்து லேசாச் சிரிச்சுட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கமே வரல. உங்களுக்கு மட்டும் எப்படி ஆன்ட்டி அந்தத் தைரியம் வந்துச்சு?"

பகவதி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு வரலம்மா" என்றாள். "அந்தக் கேலி பண்ணுனது நான். தட்டிக் கேட்டது எங்க அத்தை. எழுதியிருக்கது பொய்."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். கண்கள் நிறைந்தன. பிறகு கணவனையும் மாமியாரையும் கூப்பிட்டாள். "இங்க வாங்களேன். நான் சிரிச்சதைச் சொன்னேன். எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு தன்னையே தாழ்த்திக்கறாங்க. தன்னைப் பேசுன மாமியாரையும் விட்டுக் கொடுக்க மாட்டேங்கறாங்க. இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும்?"

"இல்லம்மா, நெசமாத்தான் சொல்லுதேன்" என்றாள் பகவதி.

அவள் காலை இழுத்துக்கொள்வதற்குள் அந்தப் பெண் குனிந்து தொட்டுவிட்டாள்.